புதிய உலாவிக்கு மாறும்போது உண்மையில் எது மாறுகிறது?

அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம் மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய மகள், புதிதாக வெளியாகியிருக்கும் ஓர் உலாவியை (பிரவுசரை) நிறுவிக்கொள்ளும்படி பத்து நாட்களாகச் சொல்லிவருகிறார். சிக்பேட்டையில் வணிகர்களுக்கு வரிக் கணக்குப் பார்க்கும் மருமகனோ, இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போக வேண்டாம் என்கிறார். “வீட்டில் தினமும் இதே வழக்காக இருக்கிறது தம்பி. மாறலாமா, கூடாதா?” என்று கேட்டார்.

அன்று அவருக்கு இரண்டு மணி நேரம் சொன்னதையே, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே ஓரளவு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். உலாவியை மாற்றியதால் நன்மை அடைந்தவர்களையும், எதை மாற்றுகிறோம் என்று அறியாமலேயே மாற்றிவிட்டுத் தொல்லைப்பட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். திரையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களே முக்கியமானவை என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலாவி வேறு, தேடுபொறி வேறு. கூகுள் என்பது தேடுபொறி. குரோம் என்பது அதே நிறுவனத்தின் உலாவி. குரோமில் அமர்ந்துகொண்டு வேறொரு தேடுபொறியைப் பயன்படுத்தலாம். ஃபயர்ஃபாக்ஸில் அமர்ந்துகொண்டு கூகுளில் தேடலாம். “கூகுளைத் திற” என்று நாம் வீட்டில் சொல்லும்போது பெரும்பாலும் உலாவியைத் திறக்கவே சொல்கிறோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே, “உலாவியை மாற்றினால் என் மின்னஞ்சல் போய்விடுமா” என்ற அச்சம் தீர்ந்துவிடும். மின்னஞ்சல் அதை நடத்தும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. உலாவி அதைக் காட்டும் சன்னல் மட்டுமே.

சென்னைக்கு ரயில் பயணச்சீட்டு எடுக்க ஒரு தளத்தின் முகவரியைத் தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் இருக்கும் கணினி நமக்கு முழுப் பக்கத்தையும் படமாக வரைந்து அனுப்புவதில்லை. எழுத்தில் எழுதிய குறிப்புகளை அனுப்புகிறது. பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் என்ற மொழியிலும், அவை எந்த நிறத்தில் எந்த அளவில் தோன்ற வேண்டும் என்பது சிஎஸ்எஸ் என்ற மொழியிலும், பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். இந்த மூன்றையும் வாசித்துப் புரிந்துகொண்டு, நம் திரையின் அகலத்துக்கேற்பப் பக்கத்தை வரைந்து காட்டுவது உலாவியின் வேலை. 1990-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி தொடங்கி, 1993-இல் வந்த மொசைக், 1994-இல் வந்த நெட்ஸ்கேப், 1995-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 2004-இல் முழுமையாக வெளியான ஃபயர்ஃபாக்ஸ், 2008-இல் வந்த குரோம் வரை எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை வேலை.

ஒரே மாவு, பல பலகாரம்

இப்படிக் குறிப்பை வாசித்துப் பக்கத்தை வரையும் பகுதியை உலாவியின் எஞ்சின் என்பார்கள். முகவரிப் பட்டை, தாவல்கள் (டேப்கள்), பொத்தான்கள், புத்தகக்குறிகள் எல்லாம் அதைச் சுற்றி அமைக்கப்படுபவை. இந்த எஞ்சினை எழுதுவது மிகப் பெரிய வேலை. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியது. ஆகையால் உலகில் பரவலாகப் பயன்படும் எஞ்சின்கள் இன்று மூன்றே. கூகுள் முன்னின்று வளர்க்கும் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ என்பவை அவை. பிளிங்க் எஞ்சினும் அதைச் சூழ்ந்த மற்ற உறுப்புகளும் சேர்ந்த திறந்த மூலநிரல் தொகுப்புக்குக் குரோமியம் என்று பெயர். அந்தத் தொகுப்பை எவரும் எடுத்து, மேலே தங்கள் முகப்பைப் பொருத்தி, தங்கள் பெயரில் உலாவியாக வெளியிடலாம்.

நம் வீட்டுப் பக்கத்துக் கடையில் அரைத்த மாவைப் பையில் கட்டி விற்கிறார்கள். அதே மாவை வாங்கிப்போய் ஒரு வீட்டில் இட்டிலி ஊற்றுகிறார்கள், அடுத்த வீட்டில் ஊத்தப்பம், அதற்கடுத்த வீட்டில் வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம். குரோமியம் அந்த மாவைப் போன்றது. குரோம், மைக்ரோசாஃப்ட் எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சென்னையிலிருந்து ஜோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட உலா, 2025-இல் வந்த பெர்பிளெக்சிட்டியின் கோமெட், அதே ஆண்டு அக்டோபரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட அட்லஸ் ஆகிய அனைத்தும் இந்த ஒரே மாவில் வார்த்தவை. மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனமே தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமியத்துக்கு மாற்றிவிட்டது. ஓபரா தன் பிரெஸ்டோ எஞ்சினை 2013-இலேயே விட்டுவிட்டது. நம் பெங்களூரிலிருந்து ஹிட்டன் ரிஃப்ளெக்ஸ் என்ற நிறுவனம் 2010-இல் வெளியிட்ட எபிக் உலாவி, இந்திய மொழிகளில் தட்டச்சு செய்யும் வசதியோடு ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் மேல் கட்டப்பட்டு வந்தது; மூன்றே ஆண்டுகளில் அதுவும் குரோமியத்துக்கு மாறியது.

புதிய உலாவி ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நான் முதலில் கேட்பது, அது எந்த எஞ்சின் மேல் நிற்கிறது என்பதே. குரோமிலிருந்து இன்னொரு குரோமிய உலாவிக்கு மாறுகிறவருக்குத் தளங்கள் பெரும்பாலும் அதே போலத் தெரியும். பழைய நீட்சிகள், அதாவது உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு துணை நிரல்கள், பெரும்பாலும் அதே போல வேலை செய்யும். புத்தகக்குறிகளும் எளிதில் வந்து சேரும். எனவே மாறுவதற்கான தடை மிகக் குறைவு. ஆனால் எஞ்சினை வளர்ப்பவர்கள் எடுக்கும் முடிவுகளும் கூடவே வந்துவிடும். நீட்சிகள் இயங்கும் விதத்துக்குக் கூகுள் மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையைக் கொண்டுவந்து, பழைய விதிமுறையில் எழுதப்பட்டவற்றை 2024 தொடங்கிக் குரோமில் படிப்படியாக முடக்கியது. பலர் நம்பியிருந்த யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் அதனால் அங்கே இயங்காமல் போனது. ஃபயர்ஃபாக்ஸ் அதை இன்னும் அனுமதிக்கிறது. பிரேவ் போன்றவை தடுப்பானை உலாவிக்குள்ளேயே கட்டி வைத்திருப்பதால் தப்பித்துக்கொண்டன.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. நம் நாட்டில் ஐபோனில் எந்தப் பெயரில் உலாவியை நிறுவினாலும் உள்ளே இயங்குவது ஆப்பிளின் வெப்கிட்டே. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் அங்கே 2024 மார்ச்சிலிருந்து பிற எஞ்சின்களுக்கு ஆப்பிள் வழிவிட்டது. ஆகவே ஐபோனில் உலாவியை மாற்றுகிறவர், முகப்பையும் தம் தரவுகளை வைத்திருக்கும் நிறுவனத்தையும் மாற்றுகிறாரே ஒழிய எஞ்சினை மாற்றவில்லை.

தமிழ் வாசிக்கும் நமக்கு எஞ்சின் என்பது வெறும் தொழில்நுட்பச் சொல்லாக இருந்ததில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு தனி எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருந்ததும், ஒரு உலாவியில் தெரிந்த பக்கம் மற்றொன்றில் புரியாத குறிகளாக நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். ஒருங்குறி (யூனிகோடு) வந்த பின்னும் சிக்கல் உடனே தீரவில்லை. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டால், ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் அமைய வேண்டும்; கணினியின் நினைவில் அது ‘க’ என்ற எழுத்தும் அதைத் தொடரும் ஓர் உயிர்க்குறியுமாகவே இருக்கும். அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து சரியான இடங்களில் வைப்பதற்கு ஒரு தனிப் பகுதி வேண்டும். இன்று குரோமியமும் ஃபயர்ஃபாக்ஸும் இதற்கு ஹார்ஃபஸ் என்ற ஒரே திறந்த நிரலைப் பயன்படுத்துவதால் தமிழ் எங்கும் ஒழுங்காகத் தெரிகிறது. எழுத்து ஒழுங்காகத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். புதிய உலாவியில் தமிழை உரக்க வாசித்துக் காட்டும் வசதி உண்டா, தமிழுக்குப் பிழைதிருத்தி சேர்க்க முடியுமா, இடைமுகமே தமிழில் கிடைக்குமா என்பவற்றைத் தமிழாசிரியர் போன்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்துவரும் ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் இடைமுகத்தை அன்று அவருக்குத் திறந்து காட்டினேன். மெனுவில் தமிழைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

வேகம் பற்றி

“புதியது மிக வேகமாக இருக்கிறது அண்ணா, நீங்களே பாருங்கள்” என்று ஆசிரியரின் மகள் தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் புதிதாக நிறுவிய எந்த உலாவியும் முதல் வாரம் வேகமாகவே இருக்கும். பழைய உலாவியில் இருபது நீட்சிகளும், மூடாமல் விட்ட அறுபது தாவல்களும், ஆண்டுக்கணக்கான வரலாறும் சேர்ந்திருக்கும்; புதியதில் ஒன்றும் இருக்காது. குடிபுகுந்த அன்று எல்லா வீடும் விசாலமாகவே தெரிகிறது. சரியாக ஒப்பிட வேண்டுமானால், பழைய உலாவியிலேயே ஒரு புதிய சுயவிவரத்தை உருவாக்கி, நீட்சி ஏதுமில்லாமல் அதே தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். பலருக்கு வேகக் குறை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

உலாவி நினைவகத்தை அதிகம் பிடிப்பதற்கும் ஒரு நல்ல காரணம் உண்டு. ஒரு தாவலில் திறந்திருக்கும் தளம் அடுத்த தாவலில் இருக்கும் வங்கிக் கணக்கை எட்டிப் பார்த்துவிடாதபடி, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் அடைத்து இயக்குகிறார்கள். கணினிகளின் நுண்செயலியில் இருந்த ஸ்பெக்டர் என்ற குறை வெளிவந்த பிறகு 2018-இல் குரோம் இந்தப் பிரிப்பைக் கணினிகளில் பரவலாக நடைமுறைப்படுத்தியபோது, நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே அறிவித்தது. அது பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை. கொடுக்கத் தகுந்த விலை.

மாவு அரைத்து எத்தனை நாள் ஆயிற்று?

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுவே என்பதால் இங்கே சற்று நின்று விளக்க விரும்புகிறேன். உலாவி என்பது முன்பின் தெரியாத கணினிகள் அனுப்பும் நிரல்களை நாள் முழுவதும் நம் கணினியில் இயக்கும் மென்பொருள். ஆகவே அதில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அவற்றுக்கு ஒட்டு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ (CERT-In) வெளியிடும் எச்சரிக்கைகளில் உலாவிகளைப் பற்றியவை அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த எச்சரிக்கைகளைக் கண்டு உலாவியே ஆபத்து என்று நினைக்க வேண்டியதில்லை. ஒட்டு வந்துவிட்டது, உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்பதே அவற்றின் பொருள்.

குரோமியம் திறந்த மூலநிரல் என்பதால், ஒரு குறையைத் திருத்தியவுடன் அந்தத் திருத்தம் உலகின் கண் முன்னே வந்துவிடுகிறது. நல்லவர்கள் அதைப் படிக்கிறார்கள், திருட நினைப்பவர்களும் படிக்கிறார்கள். திருத்தத்தைப் பார்த்தே குறை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, இன்னும் புதுப்பிக்காத உலாவிகளைத் தாக்க முடியும். திருத்தம் எழுதப்பட்ட நாளுக்கும் அது நம் கணினிக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே உள்ள காலமே ஆபத்தான காலம். குரோமில் ஒரு காலத்தில் சராசரியாக 35 நாட்களாக இருந்த இந்த இடைவெளி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒட்டு வெளியிடத் தொடங்கியதும் சுமார் 15 நாட்களாகக் குறைந்தது. அதுவும் போதாது என்று 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் வெளியிடத் தொடங்கினார்கள்.

இனிக் குரோமியத்தை எடுத்துத் தன் பெயரில் வெளியிடும் புதிய நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். கடையில் புது மாவு வந்த அன்றே அதை வாங்கி வந்து, தன் மாற்றங்களை அதன் மேல் மறுபடியும் பொருத்தி, சோதித்து, பயனர்களுக்கு அனுப்ப வேண்டும். இதை ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டும். எட்ஜும் பிரேவும் இதைச் சில நாட்களுக்குள் செய்துவிடுகின்றன. ஆர்வத்தோடு தொடங்கிய சிறிய குழுக்களால் பல நேரங்களில் முடிவதில்லை. முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே இருப்பது இரண்டு மாதப் பழைய மாவு என்றால் அதில் வங்கி வேலை செய்யக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. உலாவியின் மெனுவில் உதவிப் பகுதிக்குள் அந்த உலாவியைப் பற்றிய விவரப் பக்கம் இருக்கும். குரோமிய உலாவிகள் பெரும்பாலானவற்றில் அங்கே குரோமியத்தின் பதிப்பு எண் தெரியும். அதே நாளில் குரோமின் விவரப் பக்கத்தில் தெரியும் எண்ணோடு முதல் பகுதியை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தாலோ ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தாலோ கவலையில்லை. நான்கைந்து எண்கள் பின்தங்கியிருந்தால், அந்த உலாவியை நிறுவலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது என்று நான் எல்லோருக்கும் சொல்வது வழக்கம்.

எஸ்.பி. சாலைக் கடைகளில் வாங்கிய பழைய கணினியில் விண்டோஸ் 7 வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குரோமின் 109-ஆம் பதிப்போடு, அதாவது 2023 ஜனவரியோடு, புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. அவர்களுக்குத் தேவை புதிய உலாவி அன்று, புதிய இயங்குதளம்.

இலவசத்தின் பின்னால்

இவ்வளவு வேலையும் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறதென்றால் பணம் வேறெங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் தேடலிலிருந்தே வருகிறது. முகவரிப் பட்டையில் நாம் தட்டும் சொற்கள் எந்தத் தேடுபொறிக்குப் போக வேண்டும் என்பதற்கு அந்தத் தேடுபொறி நிறுவனம் உலாவி நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. சஃபாரியில் கூகுள் முதன்மைத் தேடுபொறியாக இருப்பதற்காக 2022-இல் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுக்கப்பட்டது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது. புதிய உலாவியை வெளியிடும் நிறுவனம் எதைக் கொண்டு வாழப்போகிறது என்று கேட்பது தவறான ஐயமாகாது. விளம்பரமா, சந்தாவா, தேடல் ஒப்பந்தமா, அல்லது நம் நடமாட்டத்தின் பதிவா என்பதை அதன் தனியுரிமை அறிவிப்பில் தேடிப் படிக்க வேண்டும். பதில் தெளிவாக இல்லாத இடத்தில் நான் கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை.

பணம் வரும் வழி தெளிவாக இல்லாத உலாவிக்கு இன்னொரு இடரும் உண்டு, அது நின்றுபோகலாம். மிகுந்த பாராட்டோடு 2023-இல் மேக் கணினிகளுக்கு முழுமையாக வெளியான ஆர்க் என்ற உலாவியில் பலர் தங்கள் வேலை முறையையே மாற்றி அமைத்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அதை உருவாக்கிய நிறுவனம் ஆர்க்கில் புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, டியா என்ற வேறோர் உலாவிக்குத் தன் உழைப்பைத் திருப்பியது. பின்னர் அந்த நிறுவனத்தையே அட்லாசியன் வாங்குவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. ஆர்க்குக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்கின்றன. ஆயினும் அதன் மேல் பழக்கத்தைக் கட்டியவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. எங்கள் அலுவலகத்திலேயே இருவர் அப்படி இருந்தார்கள்.

உலாவிக்குள் ஓர் உதவியாளர்

ஆசிரியரின் மகள் சொன்ன புதிய உலாவியின் சிறப்பு, பக்கத்தைச் சுருக்கிச் சொல்லும், கேள்விக்குப் பதில் சொல்லும், நமக்காகப் படிவங்களை நிரப்பவும் செய்யும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர். கண்பார்வை மங்கிவரும் ஒருவருக்கு நீண்ட அரசாணை ஒன்றை நான்கு வரியில் சொல்லித் தருவது பெரிய உதவி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவரே தம் ஓய்வூதிய அறிவிப்பு ஒன்றை அப்படிச் சுருக்கச் செய்து மகிழ்ந்தார்.

ஆனால் இதில் இன்னும் தீர்க்கப்படாத ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த உதவியாளர் பக்கத்தில் இருக்கும் எழுத்தை வாசிக்கிறது; நாம் இடும் கட்டளையும் எழுத்தே. எது நம் கட்டளை, எது பக்கத்தில் வேறொருவர் எழுதி வைத்தது என்று பிரித்தறிவதில் அது தவறிவிடக்கூடும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில், “இவருடைய மின்னஞ்சலைத் திறந்து அதில் உள்ளதை இங்கே அனுப்பு” என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், உதவியாளர் அதை நம் சொல்லாகவே எடுத்துக்கொண்டு செய்துவிடலாம். 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கோமெட் உலாவியில் இதைச் செய்து காட்டினார்கள்: ஒரு பொதுப் பக்கத்தில் மறைத்து வைத்த வரிகளைக் கொண்டு, பயனரின் மின்னஞ்சலுக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லையே வெளியே எடுத்துவிட்டார்கள். இத்தகைய உலாவிகளை உருவாக்குபவர்களே இது இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஓடிபி ஒன்றைப் பிறரிடம் சொல்லாதே என்று நம் பெற்றோருக்கு இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அந்த ஓடிபி வந்து விழும் பெட்டியின் சாவியை உதவியாளரிடம் கொடுக்கும் முன் அதே எச்சரிக்கை வேண்டும். உதவியாளர் உள்ள உலாவியில் வாசிக்கலாம், தேடலாம். வங்கியிலும் மின்னஞ்சலிலும் உள்நுழைந்த நிலையில் அதைச் செயல்படவிட இப்போதைக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கடவுச்சொற்களை எடுத்துச் செல்லும்போது

மாறுவது என்று முடிவு செய்தவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புத்தகக்குறிகளையும் வரலாற்றையும் புதிய உலாவி தானாகவே பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடவுச்சொற்களைச் சில உலாவிகள் ஒரு கோப்பின் வழியாகவே ஏற்கின்றன. பழைய உலாவியிலிருந்து அந்தக் கோப்பை வெளியே எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். சிஎஸ்வி எனப்படும் அந்தக் கோப்பில் எந்தப் பூட்டும் இல்லை. தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் வரிசையாக, எவரும் திறந்து படிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதைப் பதிவிறக்கக் கோப்புறையிலேயே மறந்துவிட்டு, மடிக்கணினியைப் பழுது பார்க்கக் கடையில் கொடுத்துவிட்டார். நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை; ஆனால் இரவோடிரவாக நாற்பது கடவுச்சொற்களை நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். ஏற்றிய அடுத்த நிமிடமே அந்தக் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல், பாஸ்கீ என்ற புதிய முறையில் உள்நுழையும் தளங்களுக்கு இந்தக் கோப்பு உதவாது; அவற்றைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

மருமகனின் கவலை வேறு வகையானது, அதிலும் நியாயம் இருந்தது. அவர் யுஎஸ்பி சாதனத்தில் இருக்கும் எண்ணிமக் (டிஜிட்டல்) கையொப்பத்தைக் கொண்டு படிவங்களில் கையொப்பமிடுபவர். உலாவியும் அந்தச் சாதனமும் பேசிக்கொள்ள இடையே ஒரு துணை மென்பொருள் வேண்டும். அது எந்தெந்த உலாவிகளில் சோதிக்கப்பட்டதோ அவற்றில்தான் நம்பகமாக இயங்கும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பராமரித்துவந்த ஓர் அலுவலகத்தில் உலாவியை எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். கெடு முடியும் நாளின் மாலையில் கையொப்பப் பக்கம் திறக்கவில்லை. தாமதக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. அன்று முதல் பழைய உலாவியை நீக்காமல் குறைந்தது ஒரு மாதம் இரண்டையும் வைத்திருக்கும்படியே சொல்லிவருகிறேன். அந்த மாதத்துக்குள் வங்கி, வரி, ஓய்வூதியம், அச்சிடுதல், காணொளி அழைப்பில் ஒலிவாங்கி என்று நாம் உண்மையில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு முறையாவது புதியதில் செய்து பார்க்க வேண்டும். சந்தா கட்டிப் பார்க்கும் படங்களையும் சோதியுங்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் உரிம நிரல் இல்லாத சிறிய உலாவிகளில் அவை ஓடுவதில்லை.

ஆசிரியரின் மடிக்கணினியில் அன்று மூன்று காரியங்கள் செய்தோம். மகள் சொன்ன உலாவியின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். குரோமியப் பதிப்பு அன்றைய குரோமுக்கு ஒரே ஓர் எண் மட்டுமே பின்னால் இருந்தது. அதை நிறுவி, எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல், செய்தி வாசிக்கவும் நீண்ட ஆணைகளைச் சுருக்கிப் பார்க்கவும் மட்டும் ஒதுக்கினோம். வங்கியும் ஓய்வூதியமும் மின்னஞ்சலும் பழைய உலாவியிலேயே இருக்கின்றன. அங்கே பயன்படுத்தாத பதினொரு நீட்சிகளை நீக்கினோம். போகும்போது அவர், “மகளுக்கும் மருமகனுக்கும் ஆளுக்கொரு உலாவி கிடைத்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டே மடிக்கணினியை மூடினார். அடுத்த மாதம் அதே விவரப் பக்கத்தைத் திறந்து எண்ணை மறுபடியும் ஒப்பிட வேண்டும் என்று அவருடைய சுவர் நாட்காட்டியில் முதல் ஞாயிற்றுக்கிழமையை வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.